அடித்தார், திட்டினார், குளிக்கவில்லை

முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். யார் சாப்பிட்டார், யாருக்கு மோஷன் போயிற்று, யாருக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று. அதில் ஒரு வரி அடிக்கடி வரும்: "குளிக்க ஒத்துழைக்கவில்லை. அடித்தார், திட்டினார்." செவிலியராக இருந்த காலத்தில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மறதி நோய் முற்றிய ஒருவரைப் பற்றி நாலு நாள் இப்படி எழுதினால், ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் நோட்டைப் புரட்டுவார். சாந்தப்படுத்தும் மாத்திரை ஒன்று சீட்டில் ஏறும். அந்த வரியில் அடித்தவர் இருக்கிறார். அவர் கையை ஓங்குவதற்கு அரை நிமிடம் முன்பு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அதில் இல்லை.

அந்த அரை நிமிடத்தில் நடப்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் பெருகிவரும் இல்லங்களில் இருப்பவர்களைக் குளிப்பாட்டுவதோ, முன்பின் அறியாத ஆயாம்மாக்களும் அட்டெண்டர்களும்.

ஒரு ஆச்சி இருந்தார். எண்பதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம். பேரன் பேத்தி பெயர், இருக்கும் ஊர், காலையா மாலையா என்பதெல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு நாள் நானும் ஒரு ஆயாம்மாவும் அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போனோம். ஆயாம்மா தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சேலையை உருவினேன், ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினேன், பாவாடை நாடாவில் கை வைத்தேன். ஆச்சி குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தார். பல் பதிந்த தடம் மூன்று நாள் இருந்தது. அன்றைய நோட்டில் "கடித்தார்" என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் வந்தபோது இதைச் சொன்னேன். அந்த அம்மா சங்கடப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா ஆத்துல குளிச்சு வளர்ந்தவ சிஸ்டர். பாவாடையை மாருக்கு ஏத்திக் கட்டாம ஒரு நாள்கூட அவ மேல தண்ணி பட்டதில்ல. எங்கப்பாவே பாத்திருக்க மாட்டார்."

பெயர்களை மறந்தவர் இதை மறக்கவில்லை. மறதி நோய் நினைவுகளை ஒரே சீராக அழிப்பதில்லை. மூளையில் புதிய செய்திகளைப் பதித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை, மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் முதலிலேயே தாக்குவதால், "ஆச்சி, குளிக்கப் போறோம்" என்று இரண்டு நிமிடம் முன்பு நாங்கள் சொன்னது அவரிடம் தங்கியிருக்காது. உடம்பு பழகிய பழக்கமும் வெட்கமும் பயமும் வேறு பாதைகளில் பதிந்தவை, நெடுநாள் நிற்கும். ஆக ஆச்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்: யாரென்றே தெரியாத இரண்டு பேர் ஒரு ஓடு பதித்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் துணியை அவிழ்க்கிறார்கள். எந்தப் பெண்ணும் கடிப்பாள்.

ஆடை மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. குளியலறை என்ற இடமே இந்த நோயோடு ஒத்துப்போகாத இடம். ஆழத்தையும் தூரத்தையும் கண்டுகொள்ளும் திறன் குறைந்துபோவதால் வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரியும். தரையில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி சிலர் கண்ணுக்குப் பள்ளமாகவே படும், கால் வைக்க மாட்டார்கள். கண்ணாடியில் தெரியும் நரைத்த முகம் தன்னுடையது என்று புரியாதபோது, யாரோ ஒருவர் நின்று பார்க்கிறார் என்ற எண்ணம் வரும். கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டதுமே அடங்கிய ரகளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஷவரைத் திறந்தால், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலையிலும் முகத்திலும் ஊசி ஊசியாக விழுகிறது. வயதான தோல் மெலிந்தது, அடியில் கொழுப்பும் குறைவு. நமக்கு இதமாக இருக்கும் மின்விசிறிக் காற்று ஈர உடம்போடு இருக்கும் அவருக்குக் குளிர்ஜுரம் மாதிரி நடுக்கும்.

பிறகு வலி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூட்டு தேய்ந்த தோளை "கையத் தூக்குங்க" என்று உயர்த்துகிறோம். மடங்கி இறுகிப்போன விரல்களைப் பிரித்து உள்ளங்கையைத் துடைக்கிறோம். வலிக்கிறது என்று சொல்லும் வார்த்தை போய்விட்டவருக்கு மிச்சமிருப்பது கத்துவதும் தட்டிவிடுவதும்தான். மூட்டுவலி உள்ளவருக்கு டாக்டரைக் கேட்டுக் குளியலுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை கொடுத்தால், "முரடு" என்று பெயர் வாங்கியவர் பாதி சாந்தமாகிவிடுவார்.

இதையெல்லாம் அனுபவத்தில் உணர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். எண்ணிக்கையோடு நிரூபித்துக் காட்டியது அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. அங்கே 1987இல் வந்த ஒரு சட்டம், முதியோர் இல்லங்களில் தேவையில்லாமல் ஆட்களைக் கட்டிவைப்பதற்கும் மருந்தால் மயக்கி வைப்பதற்கும் தடை போட்டது. கட்டவும் முடியாது, மயக்கவும் முடியாது என்றானபோது, ஏன் கத்துகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டியதாயிற்று. வட கரோலினாவைச் சேர்ந்த மருத்துவர் பிலிப் ஸ்லோன், ஆரிகனைச் சேர்ந்த செவிலியர் பேராசிரியர் பெவர்லி ஹோஃபர் ஆகியோரின் குழு அந்த இரு மாநிலங்களிலும் 15 இல்லங்களை எடுத்துக்கொண்டது. குளியலின்போது கொந்தளிக்கும் 73 முதியவர்கள், அவர்களைக் குளிப்பாட்டும் 37 பணியாளர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போலவே குளியல். இன்னொரு பிரிவுக்கு ஷவர்தான், ஆனால் அந்த ஆளுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்று பார்த்து மாற்றியமைத்த ஷவர். மூன்றாவது பிரிவுக்குக் கட்டிலில் படுத்தபடியே டவல் குளியல்.

முடிவுகள் 2004இல் வெளியாயின. அடி, உதை, கிள்ளு, கடி போன்றவை மாற்றியமைத்த ஷவரில் 53 சதவீதம் குறைந்தன, டவல் குளியலில் 60 சதவீதம். வழக்கமான குளியலில் மாற்றமில்லை. முகச்சுளிப்பு, முனகல் போன்ற அசௌகரியத்தின் அடையாளங்களும் இரண்டிலும் குறைந்தன, டவல் குளியலில் இன்னும் நன்றாகவே. "துடைத்துவிட்டால் சுத்தமாகுமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருந்தது. கழுவப்படாமல் விட்ட பகுதி கூடவில்லை, தோலில் நோய்க்கிருமிகள் பெருகவில்லை, தோலின் நிலை முன்னைவிடத் தேறியது. மாற்றியமைத்த ஷவருக்குக் கூடுதலாகப் பிடித்த நேரம் சராசரியாக 3.3 நிமிடம். டவல் குளியலுக்கு நேரம் கூடவே இல்லை. "இதுக்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம்?" என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த 3.3 நிமிடக் கணக்கைத்தான்.

டவல் குளியல் எப்படி என்றால்: அறையை முதலில் கதகதப்பாக்கி, மின்விசிறியை நிறுத்தி, ஆளைப் போர்வைக்குள் படுக்கவைத்து, உள்ளேயே ஆடையைத் தளர்த்துவார்கள். கழுத்திலிருந்து கால்வரை மூடும் பெரிய டவல் ஒன்று. சுமார் 2 லிட்டர் வெந்நீர், 40இலிருந்து 43 டிகிரி சூட்டில், அலச வேண்டாத சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்தது. டவலை அதில் நனைத்துப் பிழிந்து, போர்வையை மெல்ல இறக்க இறக்க டவலை மேலே விரித்துக்கொண்டே வருவார்கள். உடம்பு ஒரு கணம்கூடத் திறந்து கிடக்காது. பிறகு டவலுக்கு மேலேயே கையை வைத்து, தேய்க்கிற மாதிரி இல்லாமல் பிடித்துவிடுகிற மாதிரி, தோள், கை, வயிறு, கால் என்று போவார்கள். முன்பக்கம் முடிந்ததும் ஒருக்களித்து முதுகு. மறைவிடங்களுக்கும் முகத்துக்கும் தனித்தனிச் சின்னத் துணி. தலைமுடிக்கு வேறொரு நாள், வேறொரு நேரம்.

தலையையும் உடம்பையும் பிரித்ததுதான் அந்த முறையின் பெரிய தந்திரங்களில் ஒன்று என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. நம் பாட்டிகள் அதற்குத் தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். மேலுக்கு ஊற்றிக்கொள்வது வேறு, தலைக்கு ஊற்றிக்கொள்வது வேறு. யாழ்ப்பாணத்தில் மேல் கழுவுவதும் முழுகுவதும் வேறு வேறு. மார்புக்குக் குறுக்கே சேலையைக் கட்டிக் கிணற்றடியில் குளிப்பதற்குக் குறுக்குக்கட்டு என்றும் ஒரு பெயர் உண்டு. ஷவருக்கு அடியில் உட்காரவைத்து உச்சியில் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் நமக்கு இல்லங்கள் கொண்டுவந்தது. சொம்பு நம்முடையது. காலில் முதலில் ஊற்றி, முழங்கால், தொடை, கை என்று ஏறினால் உடம்பு சூட்டுக்குப் பழகிவிடும். சொம்பை அவர் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. எழுபது வருடம் மொண்டு ஊற்றிய கை அது, தலை மறந்ததைக் கை எடுத்துக்கொடுக்கும்.

ஆனால் அமெரிக்க முறையை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்துவிட முடியாது. படுக்கவைத்து, வெள்ளைத் துணியால் கழுத்துவரை மூடி, நாலு பக்கமும் நின்று துடைத்துவிடுவது நம் ஊர்க் கண்ணுக்கு எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாத்தா கேட்டே விட்டார்: "என்ன, எல்லாம் முடிஞ்சிருச்சா?" அதற்குப் பிறகு நாங்கள் பூப்போட்ட கலர் டவல்தான் எடுத்தோம். தலைமாட்டைத் தலையணை வைத்து உயர்த்தி, உட்கார்ந்த மாதிரி வைத்தோம். அலச வேண்டாத சோப்புக் கரைசல் கைவசம் இல்லாதபோது, வெந்நீரில் மென்மையான சோப்பைக் கொஞ்சமே கரைத்து முதல் டவல், வெறும் வெந்நீரில் நனைத்து இரண்டாவது டவல். அது ஆறிப்போகாமல் இருக்க ஒரு ஆயாம்மா கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் பிடிக்கும்: இட்லி வைக்கிற ஹாட் பாக்ஸ். பிழிந்த டவல்களைச் சுருட்டி அதில் அடுக்கி மூடினால் கடைசித் துணிவரை சூடு நிற்கும். அதற்கென்றே தனி ஹாட் பாக்ஸ் வாங்கி, மூடியில் பெயர் எழுதி ஒட்டினோம்.

சூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும், இவர்கள் "சுடுது" என்று சொல்லாமல் போகலாம். முதலில் நம் முழங்கை, பிறகு அவர் விரல். "ஆச்சி, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க." அவர் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சொம்பு நகரணும்.

கை வைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பிரான்சில் உடற்பயிற்சி ஆசிரியர்களாக இருந்த இவ் ஜினெஸ்ட், ரோசெட் மாரெஸ்கோட்டி இருவரும் 1979இல் மருத்துவமனைகளுக்குள் வந்து, ஊழியர்கள் நோயாளிகளைத் தொடுவதைக் கூர்ந்து பார்த்து ஒரு பராமரிப்பு முறையையே உருவாக்கினார்கள். இன்று ஜப்பானிலும் அது பரவியிருக்கிறது. பார்வை, பேச்சு, தொடுதல், நிமிர்ந்து நிற்கவைத்தல் என்று நாலு தூண்கள் அதற்கு. அதில் நான் உடனே எடுத்துக்கொண்டது மணிக்கட்டை மேலிருந்து பிடிக்கக் கூடாது என்பதை. கட்டைவிரலால் வளைத்துப் பிடித்தால் அது கைது செய்கிற பிடி. உள்ளங்கையை விரித்துக் கீழிருந்து ஏந்தினால் அது தாங்குகிற கை. சொல்லப்போனால் ஆச்சியின் தோளை அன்று நாங்கள் பிடித்திருந்தது போலீஸ் பிடிதான். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதும், முகத்துக்கு நேரே, கண் மட்டத்துக்கு வந்து பேசுவதும், மூன்று நிமிடத்துக்குள் அவர் இணங்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் பிறகு வருவதும் அந்த முறையில் உண்டு.

பேச்சில் நாம் செய்யும் தவறு நமக்கே தெரிவதில்லை. அமெரிக்காவில் கான்சஸைச் சேர்ந்த செவிலிய ஆய்வாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ், டிமென்ஷியா உள்ள 20 பேரைப் பராமரிக்கும் நேரங்களை வீடியோவில் பதிந்து ஆராய்ந்து, 2009இல் வெளியிட்டார். ஊழியர் குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசியபோது முதியவர் எதிர்க்கும் வாய்ப்பு 0.55. பெரியவர்களிடம் பேசுவதுபோல இயல்பாகப் பேசியபோது 0.26. பாதிக்கும் கீழே. தமிழில் இந்தக் கொஞ்சல் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும்: "சமத்தா குளிச்சா பிஸ்கட் தருவேனாம்." கொஞ்சலைவிடக் கூர்மையானது, 'ங்க' உதிர்ந்துபோவது. ஆள் மறந்துபோனவர்தானே என்று "வாங்க" "வா" ஆகிறது, "உக்காருங்க" "உக்காரு" ஆகிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் "டேய்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்துவார். அவரை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்த பையனுடன் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

பாடினால் நடக்கும் என்பதையும் நம்பலாம். ஸ்வீடனில் ஏவா யோட்டெலும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2000களின் தொடக்கத்தில், காலை நேரத்தில் முகம் கழுவி உடுத்திவிடும்போது பராமரிப்பவர் பாடினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பராமரிப்பவர் கொடுத்த உத்தரவுகள் குறைந்தன, முதியவருக்கு என்ன நடக்கிறது என்பது அதிகம் புரிந்தது. எங்கள் ஆயாம்மா ஒருவர் தாலாட்டு மெட்டில் ஏதாவது முனகிக்கொண்டேதான் முதுகு தேய்ப்பார். அவர் லீவு போட்ட நாட்களில் சத்தம் கேட்கும்.

எண்ணெய்க் குளியலைப் பற்றி இரண்டு மனசு எனக்கு. குளிக்க மாட்டேன் என்பவர் எண்ணெய் தேய்க்கக் காலை நீட்டுவார், சீயக்காய் வாசனை வந்ததும் தானே எழுந்திருப்பார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்பதால் நாங்கள் எண்ணெயைக் கை, காலோடு நிறுத்தி, பாதத்தைத் துடைத்த பிறகே எழுப்புவோம். இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கஷ்டமாக இருக்கிறது. விருதுநகர், மதுரைப் பக்கத்துச் சில கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்திருக்கிறது. நோயில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரைக் குடிக்கவைத்துச் சாகவிடுவது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டு அலறினால், அதைப் பிரமை என்று எழுதும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும்.

தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. முகம், அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு, பாதம், மலஜலம் போகும் இடம், இவற்றைத் தினமும் சுத்தம் செய்தால் போதும். முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு முறை என்பதே பல நாடுகளின் இல்லங்களில் வழக்கம். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கூடுதலாகத் தேவைப்படலாம், அதை ஈர டவலே பார்த்துக்கொள்ளும். இங்கே நெருக்கடி தருவது வெயிலைவிடக் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து தலையை முகர்ந்து பார்த்து, "காசு வாங்குறீங்க, எங்கம்மாவக் குளிப்பாட்டலையா?" என்று கேட்பார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். குளிக்காமல் அடுப்படிக்குள் வராத அம்மாவை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் திங்கட்கிழமை காலையில் நாலு பேர் சேர்ந்து ஒருவரை அமுக்கிப் பிடிக்கிறார்கள். சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும்: அம்மா எப்படிக் குளிப்பார், காலையா சாயங்காலமா, ஆறா குழாயா, எந்த சோப்பு, குளித்ததும் திருநீறா குங்குமமா. இந்த ஒரு பக்கத் தகவல் மருத்துவ ஃபைலைவிட எங்களுக்கு உதவியிருக்கிறது. "கோயிலுக்குப் போகணும், குளிங்க" என்று சொல்லிக் குளிக்கவைத்துவிட்டுப் பிறகு கட்டிலில் படுக்கவைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொன்னால் சாமி படத்துக்கு முன்னாலாவது கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர் மறந்துவிடுவார் என்பது நமக்குச் சலுகை இல்லை.

காத்திருக்க முடியாத நேரமும் உண்டு. மலம் உடம்பெல்லாம் பூசியிருக்கும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று விட முடியாது, தோல் புண்ணாகிவிடும். அப்போதும் முழுக் குளியல் தேவையில்லை. அழுக்கான இடம் மட்டும், மற்றதெல்லாம் மூடி, ஒருவர் வேலையைச் செய்ய இன்னொருவர் முகத்துக்கு நேரே நின்று கையை ஏந்திப் பேசிக்கொண்டிருக்க, சூடான துணியால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். கத்தத்தான் செய்வார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்வோம்.

இதெல்லாம் இதமாக நடந்துகொள்வதற்கான யோசனைகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது. குளியலறைச் சண்டை நோட்டில் "முரட்டுத்தனம்" என்று ஏறி அதிலிருந்து மருந்துச் சீட்டுக்குப் போகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்படிச் சாந்தப்படுத்த டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தபோது, இறப்பு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இருந்ததைப் போல 1.6 முதல் 1.7 மடங்காக இருந்ததைக் கண்டு, 2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அம்மருந்துகளின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. வாரத்தில் இரண்டு முறை, பதினைந்து நிமிடம் நடக்கும் சண்டைக்காக நாள் முழுவதும் வேலை செய்யும் அந்த மாத்திரையைக் கொடுக்கிறோம்.

ஆயாம்மாக்களைக் கடிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பத்துப் பேரைக் குளிப்பாட்டி முடிக்கச் சொன்னால் யார் கையும் முரடாகத்தான் ஆகும். நேர அட்டவணையைத் தளர்த்துவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. நாங்கள் செய்ய முடிந்த சின்ன மாற்றம் அந்த நோட்டில்தான். "குளித்தார் / குளிக்கவில்லை" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, எந்த நேரம், யார், என்ன உடையில், எங்கிருந்து ஆரம்பித்தோம், எந்த இடத்தில் முகம் சுளித்தார் என்று எழுதச் சொன்னோம். அடித்தால் அதையும் எழுதலாம், அதற்கு முன்னால் நம் கை எங்கே இருந்தது என்பதோடு சேர்த்து.

ஆச்சிக்கு அப்படி எழுதிய ஒரு நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "காலை 10.40. பாவாடையை மேலே ஏற்றிக் கட்டியபடியே. காலிலிருந்து. சொம்பு அவர் கையில். பாவாடைக்கு உள்ளே துணி விட்டுத் துடைத்தோம். ஈரப் பாவாடைக்கு மேலேயே காய்ந்ததைப் போட்டு, நாடாவை அவரே கட்டினார். முதுகு தேய்க்கச் சொன்னார். தலைக்கு ஞாயிறு."